டபுள் விசில்

செவல்குளம் வண்டிதானே? இன்னும் வரல. வரும். உக்காருங்க அண்ணாச்சி, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிடுங்க. வெளிய நின்னா வெயிலு மண்டையப் பொளந்துரும். இது டைம் ஆபீசுதான், வெளியாள் உக்காரக் கூடாதுதான். அது கெடக்கட்டும். இங்க யார் யாரு வரணும்னு நான்தான பாக்கேன்.

எனக்கும் அந்த வண்டிதான் வரணும். அதுல ஒரு ஆள் வாராவ. வந்தா இங்கதான் வருவாவ. அதச் சொல்லுதேன், பொறுங்க.

இருங்க.

ம். எடுத்துட்டான். ஒண்ணுமில்ல, அந்த ராஜபாளையம் வண்டிக்கு டபுள் விசில் குடுத்தான்லா, டிரைவர் எடுக்கானான்னு பாத்தேன். ஒரு பழக்கமாப் போச்சு. டபுள் விசில் கேட்டா வண்டி நகருத வரைக்கும் எனக்கு வேற எதுலயும் புத்தி போகாது. பேச்சுக்கு நடுவுல இப்படி நிறுத்துவேன், தப்பா நெனைக்காதிய.

நான் கண்டக்டர். மந்திரமூர்த்தின்னா இந்த பஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். நீங்க போற அதே செவல்குளம் ரூட்லதான் ஓடுனேன். காதுல கோளாறுன்னு மெடிக்கல்ல எழுதி என்ன இங்க உக்கார வச்சிருக்காங்க. காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் விசில் ஊதுனாக்கூட கேக்கு. எல்லாம் அந்த டிரைவரால வந்தது. பால்வண்ணம். செத்துப் போன மனுசனப் பத்திக் குறையாப் பேசக் கூடாதுதான். ஆனா உள்ளத உள்ளபடி சொல்லணும்லா.

கூட வேல பாக்குற ஆள் சரியில்லன்னா என்ன செய்வாங்க? ஆபீசுன்னா நாற்காலியத் தள்ளிப் போட்டுக்கிடலாம். பஸ்ல எங்க தள்ளிப் போட? அவரு முன்னால, நான் பின்னால, நடுவுல ஊரே ஏறி எறங்கும். காலையில சேந்து வண்டி எடுத்தா பொழுதடைய சேந்துதான் கொண்டாந்து விடணும். புருசன் பொண்டாட்டிகூட இவ்வளவு நேரம் ஒண்ணா இருக்க மாட்டாங்க.

பால்வண்ணம் வண்டி ஓட்டுறதுல கெட்டிக்காரருதான். அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கண்டக்டர்னு ஒரு மனுசன் பின்னால நிக்கானேங்கிற நெனப்பே கெடையாது. ஒத்த விசில் குடுத்தா நிப்பாட்டணும், டபுள் விசில் குடுத்தா எடுக்கணும், அம்புட்டுதான சட்டம்? இவரு ஒத்த விசிலுக்கு ஸ்டாப்பத் தாண்டிப் போய்த்தான் நிப்பாட்டுவாரு. எறங்குற பொம்பளைக எல்லாம் என்னய வையும். தெரிஞ்ச ஆளு ரோட்டுல நின்னா விசிலே இல்லாம நிப்பாட்டி, சன்னல் வழியா குடும்ப விசயம் பேசுவாரு. நான் கூட்டத்துக்குள்ள பைய அணைச்சுக்கிட்டு டிக்கெட் போட்டுக்கிட்டு இருப்பேன், அப்பப் பாத்து பிரேக்க ஒரு மிதி. நான் போயி ஒரு கெழவி மடியில விழுவேன். கண்ணாடியில என்னப் பாத்துச் சிரிப்பாரு. வேணும்னேதான். நாய் குறுக்க வந்துச்சுன்னுவாரு. அந்த ரூட்ல அவ்வளவு நாய் கெடையாது.

அதையெல்லாம் பொறுத்துக்கிட்டுத்தான் ஓடுனேன். வயசுல மூத்தவரு, அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவேன். ரயில்வே கேட்டுலதான் கெட்டது.

கேட்டு போட்டிருந்தான். நான் ஒதுங்கணும்னு எறங்கி உடமரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். ரயில் போச்சு, கேட்டத் தொறந்தான். வண்டிக்குள்ள எவனோ ஒரு காலேஜ்காரப் பய வெரல வாயில வச்சு ரெண்டு விசில் அடிச்சிருக்கான். அச்சு அசல் என் விசில் மாதிரி. இவரு எடுத்துட்டாரு. நான் பையத் தூக்கிக்கிட்டு வேட்டிக்காரன் கணக்கா பேண்ட ஒரு கையில புடிச்சுக்கிட்டு ஓடுதேன், வண்டி போய்க்கிட்டே இருக்கு. பின் சீட்டுல உள்ளவன்லாம் கைதட்டிச் சிரிக்கான். கடைசியில செங்கல் லாரியில ஏறித்தான் அடுத்த ஸ்டாப்புல போயிப் புடிச்சேன். தலையெல்லாம் செங்கப் பொடி.

கீழ எறங்கி நிக்காரு பால்வண்ணம். சிரிக்காரு. "என்ன மூர்த்தி, விசில் கேட்டுச்சு, எடுத்துட்டேன். நீ உள்ள இருக்கன்னுல்லா நெனச்சேன்."

"நான் ஊதுன விசிலுக்கும் கண்டவன் ஊதுன விசிலுக்கும் வித்தியாசம் தெரியாதோ உமக்கு?"

"தெரியலப்பா. முன்னால உக்காந்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் கேக்கு."

எப்படி இருக்கு பாத்தியளா? என் விசிலு எல்லாம் ஒண்ணு போல. ஜனங்க முன்னால வச்சே சொன்னேன். "இனிமே உமக்கும் எனக்கும் விசில்தான் பேச்சு. ஒத்த விசிலுக்கு நிப்பாட்டும், டபுள் விசிலுக்கு எடும். அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது."

அதோட பேச்சு நின்னு போச்சு. ரொம்ப வீம்பு புடிச்ச மனுசன் அண்ணாச்சி. அன்னைக்கு செவல்குளத்துல டீ வாங்கிக் கொண்டாந்து நீட்டுனாரு. வாங்கிக் கீழ ஊத்திட்டேன். ரெண்டு மூணு தடவ பக்கத்துல வந்து "மூர்த்தி"ன்னு ஆரம்பிச்சாரு. விசில எடுத்து வாயில வச்சுக்கிட்டேன். பெறகு அவரும் வரதில்ல. அவ்வளவு மாசம் ஒருத்தன் பேசாம எப்படித்தான் இருப்பானோ.

ரூட்டு பூரா இது தெரிஞ்சு போச்சு. ஏறும்போதே கேப்பாங்க, "கண்டக்டரே, இன்னும் ராசியாகலயா?" நான் விசில ஊதுவேன், எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கும் அது கொஞ்சம் புடிச்சுத்தான் இருந்துச்சு. இந்தாளோட ஓட மாட்டேன், ஆள மாத்தித் தாங்கன்னு மேனேஜர்ட்ட போயி நின்னேன். அவரு சிரிக்காரு. "உங்க வண்டிதான்யா டெப்போவுலயே சரியான டயத்துக்குப் போய் வருது. பேசாம இருந்தா இப்படி ஓடும்னா எல்லா ஜோடிக்கும் சண்ட மூட்டி விடணும் போல." அம்புட்டுதான். நியாயம் கேக்கப் போன எடத்துல இதான் கெடச்சுது.

ஆனா ஒண்ணு சொல்லணும். அதுக்குப் பெறகு விசில்ல ஒரு பெசகு கெடையாது. ஒத்த விசில்னா ஸ்டாப்புல நச்சுன்னு நிக்கும். டபுள் விசில் குடுத்தா அடுத்த மூச்சுல வண்டி நகரும். ஒரு தடவ வெளியாள் எவனோ ஊதுனான், அவரு எடுக்கல. கண்ணாடியில என் மொகத்தப் பாத்தாரு. நான் ஊதுன பெறகுதான் எடுத்தாரு. வித்தியாசம் தெரியாதுன்ன ஆளு.

இருங்க, இருங்க. அந்தக் கோயில்பட்டி வண்டி.

எடுக்கானா... எடுக்கான். போறான். சரி.

கடைசி காலத்துல புதுசா ஒரு சேட்டைய ஆரம்பிச்சாரு. ஸ்டாப்பும் இல்லாம ஒண்ணும் இல்லாம, ஏதாவது மரத்தடியில வண்டிய ஓரங்கட்டி நிப்பாட்டிருவாரு. பாட்டில்ல தண்ணி குடிப்பாரு. ஸ்டியரிங்குல நெத்திய வச்சுக்கிட்டு இருப்பாரு. எதுக்குன்னு சொல்ல மாட்டாரு. நான் எதுக்குக் கேக்கணும்? டபுள் விசில் குடுப்பேன். கொஞ்ச நேரத்துல நிமுந்து எடுப்பாரு. எனக்கு நல்லாத் தெரியும் அண்ணாச்சி, அது என்னய மட்டந்தட்டுறதுக்குச் செஞ்சது. நீ ஊதுனா நான் எடுக்கணுமோ, எனக்குத் தோணும்போதுதான் எடுப்பேன், அந்த அர்த்தம். இப்ப டாக்டரு வேற சொல்லுதாங்க. அப்பவே நெஞ்சுல கோளாறு இருந்திருக்கும்னு சொல்லுதாங்க. வாயிருந்துச்சுல்லா அவருக்கு? ஒரு வார்த்த சொன்னா என்ன?

அன்னைக்கும் அப்படித்தான். பனையூர் விலக்கு தாண்டி ஒரு புளியமரம் நிக்கும், இப்ப நீங்க போகும்போது எடது பக்கம் பாருங்க. நல்ல கூட்டம். சந்தை நாளு. நான் பின் வாசல்கிட்ட நெருக்கத்துல டிக்கெட் போட்டுக்கிட்டு இருக்கேன். வண்டி மெல்ல மெல்ல ஓரங்கட்டி, மரத்தடியில போயி நின்னுட்டு. அலுங்காம நிப்பாட்டியிருந்தாரு. கைப் பிரேக்கு போட்ட சத்தம்கூடக் கேட்டுச்சு.

டபுள் விசில் குடுத்தேன். எடுக்கல.

திரும்பக் குடுத்தேன். எடுக்கல. வண்டிக்குள்ள ஒரு சிரிப்பு. "இன்னைக்கு டிரைவரு கை ஓங்கிட்டு"ன்னு ஒருத்தன். எனக்கு உச்சந்தலையில ஏறிட்டு. நீயா நானான்னு ஊதுனேன். ஊதுனேன், ஊதுனேன், நிப்பாட்டவே இல்ல. ஒரு கண்டக்டர் ஊதுறான், ஒரு டிரைவர் எடுக்க மாட்டேங்கான், அதுவும் ஊரே பாக்க. எந்த மனுசனுக்குத்தான் பொறுக்கும்?

முன்னால இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டுல பேச்சின்னு ஒரு பொம்பள. பீடி சுத்துற பொம்பள, சுத்துன பீடியத் தட்டுல வச்சுக்கிட்டு கம்பெனிக்குக் குடுக்கப் போவா, தெனமும் வருவா. அவ அங்கேருந்து கத்துதா, "கண்டக்டரே, டிரைவர் என்னமோ மாதிரி இருக்காவ, வந்து பாரும்."

"அவரு நடிப்பாரு, நீ சும்மா இரும்மா"ன்னேன். இன்னொரு வாட்டி ஊதுனேன்.

பெறகு போனேன். போகாம இல்ல. கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் போனேன். ஸ்டியரிங் மேல சாஞ்சு கெடக்காரு. மொகமெல்லாம் வேர்வ. எடது கை கியர் மேல. தொட்டேன். அம்புட்டுதான்.

பேச்சி அப்பவே ஒரு விசயம் சொன்னா. எல்லாரு முன்னாலயும் சொன்னா. விசில் கேக்கும்போதெல்லாம் அந்தக் கை கியருக்குப் போச்சாம். போகும், நழுவும். திரும்ப விசில் கேக்கும், திரும்பப் போகும். பொம்பளைக, ஒண்ணப் பத்தாச் சொல்லும்.

என்கொயரி வச்சாங்க. என் மேல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதிட்டாங்க. நின்ன வண்டிக்கு டபுள் விசில் குடுக்க வேண்டியது கண்டக்டர் வேல. வேலையத்தான செஞ்சேன்? இன்னும் கொஞ்சம் முந்தி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருப்பாருன்னு சில பேரு பேசுனாங்க. பேசுவாங்க. ஆஸ்பத்திரி என்ன புளியமரத்துக்குப் பின்னாலயா இருக்கு?

அதுக்குப் பெறகு புது டிரைவர் ஒருத்தன் போட்டாங்க. சின்னப் பய, சொன்ன பேச்சு கேப்பான், வாய் நெறைய அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்பிடுவான். தங்கமான பய. ஆனா எனக்கு ஒரு இது. டபுள் விசில் குடுத்துட்டு முன்னால நடந்து போயி அவன் மொகத்தப் பாத்துட்டுத்தான் டிக்கெட் போடுவேன். எடுத்துட்டான்னு தெரியுது, வண்டி ஓடுது, இருந்தாலும் போயிப் பாக்கணும். கூட்டத்துல முன்னால போயிப் பின்னால வந்து, டிக்கெட்டு விட்டுப் போகுது, வண்டி லேட்டாகுது. அவனே பயந்துட்டான். "என்ன அண்ணாச்சி, என் மொகத்துல என்ன இருக்கு?"ன்னு கேப்பான். எனக்கு அங்க யார் மொகம் தெரியுதுன்னு அவன்ட்ட எப்படிச் சொல்ல? நிமுந்து எடுக்கப் போறாரு, எடுக்கப் போறாருன்னு பாத்துக்கிட்டே நிப்பேன். மெடிக்கலுக்கு அனுப்புனாங்க. காதுன்னு எழுதிட்டாங்க. சரி, காதுன்னே இருக்கட்டும்.

இப்ப நான் சொல்ல வந்த ஆளுக்கு வாரேன்.

பால்வண்ணத்தோட பதினாறாம் நாள் விசேசத்துக்கு டெப்போவே போச்சு. நானும் போனேன். போகலைன்னா ஒரு மாதிரிப் பேசுவாங்க. கடைசியா நின்னு, கும்புட்டுட்டு நழுவிரலாம்னு இருந்தேன். அவரு வீட்டுக்காரம்மா, ஆவுடையம்மான்னு பேரு, நேரா என்கிட்ட வந்தாவ.

"நீங்கதான மூர்த்தி?"

ஆமான்னேன். கைய ரெண்டையும் புடிச்சுக்கிட்டு அழுதாவ. "உங்கள நான் பாத்ததில்லையே தவிர உங்க வீட்டு விசயம் பூரா எனக்குத் தெரியும்"ன்னாவ. என்னடான்னா, இந்த மனுசன் தெனமும் வீட்டுக்குப் போயி, இன்னைக்கு மூர்த்தி இதச் சொன்னான், மூர்த்தி அதச் சொன்னான்னு சொல்லியிருக்காரு. என் மக நீட்டுக்குப் படிக்கது, எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன் ஆனது, எங்க வீட்டுல தண்ணித் தொட்டி வெடிப்பு விட்டது, எல்லாம் அந்தம்மாவுக்குத் தெரியுது. அம்புட்டும் நெசம்தான். ஆனா நான் அவர்ட்ட சொல்லலயே. முன்னால நிக்க பாசஞ்சர்ட்ட பேசிக்கிட்டு இருந்திருப்பேன். ஒட்டுக் கேட்டிருக்காரு. ஒட்டுக் கேட்டு, வீட்டுல போயி நாங்க ரெண்டு பேரும் நாள் முழுக்கப் பேசுன மாதிரி சொல்லியிருக்காரு.

எதுக்குச் சொன்னாரு? நீங்க சொல்லுங்க. எதுக்கு ஒரு மனுசன் பொண்டாட்டிட்ட அப்படி ஒரு பொய்யச் சொல்லணும்? அது மட்டும் எனக்கு இன்னைக்கும் புரியல. செத்த பெறகும் என்ன இப்படி மாட்டி விட்டுட்டாரேன்னுதான் இருக்கு.

பெறகு அந்தம்மா கேட்டாவ. "காலையில நெஞ்சு கரிக்குன்னுதான் சொன்னாவ. லீவு போடுங்கன்னேன். வேண்டாம், மூர்த்திட்ட சொல்லி வச்சிருக்கேன், ஒண்ணுன்னா அவன் பாத்துக்கிடுவான்னுட்டுப் போனாவ. உங்ககிட்ட சொன்னாவளா?"

வீடு நெறைய ஆளு. டெப்போக்காரன் அம்புட்டு பேரும் தரையப் பாக்கான்.

"சொன்னாரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நானும் எம்புட்டோ சொன்னேன். அவருதான் கேக்கல"ன்னேன்.

வேற என்ன சொல்ல? அந்தம்மா தலைய ஆட்டுனாவ. "ஆமா, யாரு சொன்னாலும் கேக்க மாட்டாவ. நீங்க மனசப் போட்டு அலட்டிக்கிடாதிய"ன்னு எனக்கே ஆறுதல் சொன்னாவ. எலையில உக்கார வச்சு, பக்கத்துல நின்னு பரிமாறுனாவ.

அதோட முடிஞ்சிருந்தா நல்லாருக்கும். மகனுக்கு வாரிசு வேல கேட்டு மாசா மாசம் டெப்போவுக்கு நடக்காவ. வந்தா இங்கதான் வருவாவ. இந்தா, நீங்க உக்காந்திருக்க ஸ்டூல்லதான் உக்காருவாவ. "அவுக வேற என்ன பேசுவாவ, சொல்லுங்களேன்"னு கேப்பாவ. நான் சொல்லுவேன். மொதல்ல ஒண்ணு ரெண்டு சொன்னேன். பெறகு நெறைய. அவுக சமையலப் பத்தி இப்படிச் சொல்லுவாரு, மகனப் பத்தி இப்படிக் கவலப்படுவாருன்னு. கேட்டு அழுவாவ, சிரிப்பாவ, டீ வாங்கிக் குடுத்தா குடிப்பாவ. நான் உயிரோட இருக்க எந்த மனுசன்கிட்டயும் அம்புட்டுப் பேசுனதில்ல அண்ணாச்சி. இப்பல்லாம் அவுக வராத நாள்லயும் அது ஓடுது. இங்க உக்காந்து வண்டி நேரத்த எழுதிக்கிட்டு இருப்பேன், "என்ன மூர்த்தி"ன்னு ஆரம்பிப்பாரு. நான் பதில் சொல்லுவேன். பக்கத்துல உள்ளவன் திரும்பிப் பாப்பான்.

போன மாசம் போகும்போது கேட்டாவ. "கடைசியா உங்ககிட்ட என்ன வார்த்த பேசுனாவ? அத மட்டும் நீங்க சொல்லவே இல்லையே."

அடுத்த தடவ வரும்போது சொல்லுதேன்னேன். வண்டிக்கு நேரமாச்சுன்னு அனுப்பி வச்சேன். இன்னைக்கு வாராவ.

எனக்குத் தெரியாதுன்னு இல்ல. பேச்சி எனக்குச் சொல்லிட்டா. என்ன இங்க உக்கார வச்ச பெறகு ஒரு நாள் வந்து, யாரும் இல்லாதப்பப் பாத்துச் சொன்னா. இத ஜனங்க முன்னால சொல்ல வேண்டாம்னு இருந்தேன், ஆனா உம்மகிட்ட சொல்லாமலும் இருக்க முடியலன்னா. கை மட்டும் போகலயாம். வாயும் அசைஞ்சுச்சாம். "எடுக்கேன் மூர்த்தி, எடுக்கேன், ஊதாத, எடுக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். என் பேரச் சொல்லி. அத்தன மாசம் பேசாத மனுசன், அப்பத்தான் பேசியிருக்காரு. நான் பின் வாசல்ல நிக்கேன், வாயில விசில். எனக்கு எப்படிக் கேக்கும்?

அத அந்தம்மாட்ட சொன்னா, எதுக்கு ஊதுனியன்னு கேப்பாவ. அதுக்குப் பெறகு, எதுக்குப் பேசாம இருந்தியன்னு கேப்பாவ. பேசுனது பூரா பொய்யின்னு ஆயிரும். அவரு சொன்னதும் பொய்யி, நான் சொன்னதும் பொய்யி. அவுகளுக்குன்னு இப்ப இருக்கது அது மட்டும்தான். காலையிலேருந்து யோசிக்கேன். "சாப்பிட்டியா மூர்த்தி"ன்னு கேட்டாருன்னு சொல்லலாமா? ஒரு டிரைவரு கண்டக்டர்ட்ட கேக்குறதுதான? நம்புவாவளா? வாயத் தொறந்தா அந்த இன்னொரு வார்த்ததான் வருது.

அந்தா, வண்டி வந்துட்டு. உங்க வண்டிதான். திரும்பி நிக்கும், ஆளு எறங்கட்டும். முன் வாசல்ல மொதல்ல எறங்குதாவ பாருங்க, கையில தூக்குவாளியோட. எனக்குத்தான் ஏதோ செஞ்சு கொண்டாந்திருப்பாவ. இங்கதான் பாக்குதாவ.

அண்ணாச்சி, எந்திரிக்காதிய. செவல்குளத்துக்கு மத்தியானம் இன்னொரு வண்டி இருக்கு, நானே ஏத்தி விடுதேன், சீட்டு புடிச்சுத் தாரேன். கொஞ்ச நேரம் இப்படியே இருங்க. மூணாம் மனுசன் இருந்தா அவுக அதக் கேக்க மாட்டாவ.